வயிற்றுக்குள் ஓர் ஓடை

ஆல்ப்ஸ் மலையின் உயரமான புல்வெளிகளில் வாழும் ஆல்ப்ஸ் சாலமாண்டர் என்ற கறுப்பு இருவாழ்வி இனப்பெருக்கத்துக்காகக்கூடத் தண்ணீரைத் தேடிப் போவதில்லை. அதன் குட்டிகள் நாலு காலும் நுரையீரலுமாக, தாயை அப்படியே சிறிதாக்கியது போலத் தரையில் பிறக்கின்றன. ஆனால் சினையாக இருக்கும் பெண்ணின் வயிற்றைத் திறந்து பார்த்தவர்கள் உள்ளே கண்டது வேறு. கழுத்தின் இருபுறமும் மெல்லிய செவுள்கள் இறகாக விரிந்திருக்கும் கருக்கள் அங்கே இருந்தன. எடுத்துத் தண்ணீரில் விட்டதும் தலைப்பிரட்டைபோல நீந்தின. 19-ஆம் நூற்றாண்டின் ஆங்கில எழுத்தாளரும் இயற்கை ஆய்வாளருமான ஜார்ஜ் ஹென்றி லூயிஸ் இதைப் பரிணாமத்துக்குச் சாட்சியாக நிறுத்தினார். தரையில் பிறந்து தரையிலேயே வாழ்ந்து சாகப்போகும் பிராணிக்குச் செவுள் எதற்கு என்பது அவர் கேள்வி. வரப்போகும் வாழ்க்கைக்கு அது உதவாது. ஆகவே அது நீரில் வளர்ந்த மூதாதையர் விட்டுப்போன மிச்சம் என்றார். டார்வின் 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் பிற்காலப் பதிப்பில் இந்த வாதத்தை எடுத்துச் சேர்த்துக்கொண்டார்.

வாதத்தில் பாதி இன்றும் நிற்கிறது. மீதிப் பாதி எங்கே பிசகுகிறது என்று பார்க்க, இந்தக் கறுப்புப் பிராணியை அதன் நெருங்கிய உறவான நெருப்புச் சாலமாண்டரின் பக்கத்தில் வைக்க வேண்டும்.

இரண்டும் சாலமாண்ட்ரா என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. நெருப்புச் சாலமாண்டருக்கு லின்னேயஸ் 1758-இல் பெயரிட்டபோது அதைப் பல்லிகளோடு சேர்த்துவிட்டார். பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் அதன் தோலில் செதில் கிடையாது; தவளையின் தோல்போல ஈரமாக இருக்கும், காய்ந்தால் உயிர் தங்காது. ஆல்ப்ஸ் சாலமாண்டருக்குப் பெயர் கொடுத்தவர் வியன்னாவைச் சேர்ந்த லவுரெண்டி, ஆண்டு 1768. நெருப்புச் சாலமாண்டர் பெரும்பாலும் 15 முதல் 20 சென்டிமீட்டர் நீளம் இருக்கும், சில இடங்களில் இன்னும் பெரியது. பளபளக்கும் கறுப்பு உடம்பில் மஞ்சள் திட்டுகள் அல்லது பட்டைகள். ஸ்பெயின் முதல் பால்கன் வரை, ஐரோப்பாவின் இலையுதிர் காடுகளில், ஓடைக்கரையோரம் வாழ்கிறது. ஆல்ப்ஸ் சாலமாண்டர் 15 சென்டிமீட்டரைத் தாண்டுவது அரிது. பெரும்பாலான இடங்களில் தலை முதல் வால் வரை ஒரே கறுப்பு. சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா, வட இத்தாலி, தென் ஜெர்மனி, பிறகு பால்கனின் மலைத்தொடர்கள் என்று துண்டுதுண்டாகப் பரவியிருக்கிறது. 800 முதல் 2,000 மீட்டர் வரையிலான உயரம் அதற்கு இயல்பான இடம். அதற்கு மேலேயும் கீழேயும்கூடச் சில இடங்களில் உண்டு.

நஞ்சு இரண்டுக்கும் பொது. கண்ணுக்குப் பின்னே புடைத்திருக்கும் சுரப்பிகளிலும் முதுகின் இருபக்க வரிசைகளிலும் சாமாண்டரின் வகை ஆல்கலாய்டுகள் சுரக்கின்றன. அவை நரம்பு மண்டலத்தைத் தாக்கி வலிப்பை உண்டாக்குபவை. நெருப்புச் சாலமாண்டர் மிரண்டால் இந்த நஞ்சைப் பீய்ச்சி அடிக்கவும் செய்யும். மஞ்சள் நிறம் எதிரிக்கு விடும் எச்சரிக்கை என்றால், அதேபோல நஞ்சுள்ள ஆல்ப்ஸ் சாலமாண்டர் ஏன் அந்த எச்சரிக்கையைக் கைவிட்டது? குளிர்ந்த உயரங்களில் கறுப்புத் தோல் வெயிலின் சூட்டைச் சீக்கிரம் வாங்கிக்கொள்ளும் என்பது வழக்கமான பதில். எனக்கு அது முழுத் திருப்தி தரவில்லை. இந்தப் பிராணி வெளியே வருவது பெரும்பாலும் இரவிலும் மழையிலும்தான். வெயிலே படாத நேரத்தில் நடமாடும் உடம்புக்கு வெயில் வாங்கும் நிறம் எவ்வளவு உதவும் என்பது இன்னும் விவாதத்துக்கு உரியது. போதாததற்கு, வட இத்தாலியின் அசியாகோ மேட்டுநிலத்தில் இதே இனத்தின் ஒரு கிளையினம் முதுகு முழுக்க மஞ்சள் பூசிக்கொண்டு வாழ்கிறது. அவ்ரோரே என்ற அந்தக் கிளையினம் அறிவியலுக்கு அறிமுகமானதே 1982-இல்தான்.

நிறத்தை இத்தோடு விடலாம். இந்த இரண்டு இனங்களையும் உண்மையில் பிரிப்பது பிறப்பு.

நெருப்புச் சாலமாண்டர்கள் தரையில்தான் கூடுகின்றன. ஆண் தரையில் வைக்கும் விந்துப் பொதியைப் பெண் தன் கழிவாயில் ஏற்று, உடலுக்குள் இருக்கும் சிறு அறைகளில் மாதக்கணக்காகச் சேமித்து வைக்கும். முட்டைகள் வயிற்றுக்குள்ளேயே கருவுற்று வளர்கின்றன. ஒவ்வொரு கருவுக்கும் அதனதன் மஞ்சள்கருதான் உணவு. தாய் வேறெதுவும் தருவதில்லை. வசந்தத்தில் ஓர் இரவு தாய் ஓடைக்கு வரும். வளர்ந்த நெருப்புச் சாலமாண்டருக்கு நீந்த வராது, ஆழத்தில் விழுந்தால் மூழ்கிப் போகும். அதனால் நீர் தேங்கி நிற்கும் ஆழமில்லாத ஓரமாகப் பார்த்து, பின்னுடலை மட்டும் உள்ளே இறக்கும். மெல்லிய முட்டைச் சவ்வு கிழிந்து லார்வாக்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். 3 சென்டிமீட்டர் நீளம், நாலு கால், வெளிச் செவுள், ஒவ்வொரு காலும் உடம்போடு சேரும் இடத்தில் ஒரு வெளிர்மஞ்சள் புள்ளி. ஓடையில் கைவிளக்கு அடித்துத் தேடுபவர்கள் அந்தப் புள்ளியை வைத்தே மற்ற லார்வாக்களிலிருந்து இதைப் பிரித்தறிவார்கள். ஒரு தாய் சாதாரணமாக 20 முதல் 40 வரை ஈனும். அதன் பிறகு அவை ஓடையின் பொறுப்பு. சில மாதங்களில் செவுள் உதிர்ந்து கரையேறுபவை கரையேறும்.

ஆல்ப்ஸ் சாலமாண்டர் ஈனுவது இரண்டே இரண்டு. இடது கருப்பையில் ஒன்று, வலது கருப்பையில் ஒன்று. அந்த இரண்டை உருவாக்க அது எடுத்துக்கொள்ளும் காலம் இரண்டு முதல் நான்கு ஆண்டுகள். உயரம் கூடக்கூட கோடை குறுகும், சினைக்காலம் நீளும். முதுகெலும்புள்ள பிராணிகளில் இதுதான் மிக நீண்ட சினைக்காலங்களில் ஒன்று; யானையின் 22 மாதங்கள்கூட இதற்குக் கீழேதான்.

இந்த ஆண்டுகளில் உள்ளே நடப்பது வியக்கத்தக்கது. ஒவ்வொரு கருப்பைக்குள்ளும் பல முட்டைகள் இறங்குகின்றன. ஆனால் கடைசியில், வாயிலுக்கு அருகே கிடக்கும் ஒன்று மட்டுமே முழு உறையோடு கருவுறுகிறது. உறையில்லாத மற்றவை கரைந்து குழம்பாகின்றன. கரு முதலில் தன் சொந்த மஞ்சள்கருவைத் தின்று தீர்க்கும். பிறகு உறையை விட்டு வெளியே வந்து அந்தக் குழம்பைத் தின்னும். அதுவும் தீர்ந்த பிறகுதான் மூன்றாம் கட்டம், மிக நீண்ட கட்டம். கருப்பையின் முன்பகுதியில் ஒரு சுற்றுச் சுவர் தடித்து, மேல்தோல் செல்களை உதிர்த்துக்கொண்டே இருக்கும். கரு அந்தப் பக்கம் தலைவைத்து, அதற்கென்றே முளைத்த பற்களால் அதை மேய்ந்து வளரும். மாதங்கள் போகப்போக மேய்ந்த சுவர் மீண்டும் வளர்ந்து கொடுக்கும். தன் உடம்பின் உட்சுவரையே பிள்ளைக்கு ஊட்டும் தாயும் உண்டு என்பதை நான் முதலில் படித்தபோது, அந்தப் பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

செவுள் கேள்விக்கு இங்கேதான் பதில் தொடங்குகிறது. அந்தக் கருவின் செவுள்கள் சாதாரணச் செவுள்கள் இல்லை; உடம்பின் பெரும்பகுதி நீளத்துக்கு வளர்ந்து, ரத்தக் குழாய்கள் நிறைந்து, கருப்பையின் சுவரை ஒட்டிப் பரவிக் கிடக்கின்றன. திரவம் நிறைந்த இருட்டறைக்குள் வருடக்கணக்கில் வாழும் கருவுக்கு ஆக்சிஜன் வேண்டும். தாயின் ரத்தத்திலிருந்து அதை வாங்கித் தருபவை இவையே. லூயிஸ் வருங்காலத்தை மட்டும் பார்க்கவில்லை. நிகழ்காலத்துக்கும், அதாவது கருப்பைக்குள் நடக்கும் வாழ்க்கைக்கும், செவுள் பொருந்தாது என்று சொல்லிவிட்டார். செவுள் மூதாதையரிடமிருந்து வந்தது என்பது உண்மை. வேலையில்லாமல் தொங்கும் மிச்சம் என்பது தவறு. பழைய உறுப்பு புதிய வேலைக்கு வந்துவிட்டது. ஓடையில் செய்த வேலையை வயிற்றுக்குள் செய்கிறது.

இதைச் சோதனையாகவே தொட்டுப் பார்த்தவர் ஜெர்மானிய ஆய்வாளர் மரீ ஃபோன் ஷோவின். ஜெர்மானியப் பல்கலைக்கழகங்கள் பெண்களுக்குக் கதவைத் திறக்காத 1870-களில், தன் வீட்டிலேயே இருவாழ்விகளை வளர்த்து, ஆக்சலாட்டல் என்ற சாலமாண்டரைப் பற்றிய ஆய்வுகளால் பெயர் பெற்றவர். ஆல்ப்ஸ் சாலமாண்டரின் கருக்களைத் தாயின் வயிற்றிலிருந்து எடுத்துத் தண்ணீரில் வளர்க்க முயன்று, 1877-இல் முடிவுகளை வெளியிட்டார். பெரும்பாலானவை இறந்தன. ஒன்று வாரக்கணக்கில் தாக்குப்பிடித்தது. அந்த ஒன்று செய்ததுதான் முக்கியம்: கருப்பைக்குள் வளர்த்த நீண்ட மெல்லிய செவுள்களை உதிர்த்துவிட்டு, ஓடை நீருக்கேற்ற குட்டையான, உறுதியான செவுள்களைப் புதிதாக முளைக்கவைத்தது. வால் துடுப்பும் அகன்றது. நீரில் வாழும் திறன் மறைந்திருந்ததே தவிர அழியவில்லை. இரண்டு வகைச் செவுள்களும் வேறு வேறு வேலைக்கானவை என்பதற்கும் இதைவிட நேரடியான ஆதாரம் அன்று வேறு கிடைத்திருக்காது. டார்வின் பெயரும், அடுத்து வரப்போகும் வியன்னா உயிரியலாளர் கம்மரரின் பெயரும் வரும் அளவுக்கு இவர் பெயர் எழுத்தில் வருவதில்லை. அது சரியில்லை என்றே நினைக்கிறேன்.

பவுல் கம்மரரின் கதை பலருக்குத் தெரிந்தது, பெரும்பாலும் தேரைக் கதையாக. வியன்னாவின் பிராட்டர் பூங்காவில் 1903-இல் ஹான்ஸ் பிரிசிபிராம் முதலானோர் தொடங்கிய ஆய்வகத்தில், விலங்குகளை உயிரோடு வளர்ப்பதில் அவருக்கு நிகர் யாரும் இல்லை என்று எதிரிகளே ஒப்புக்கொண்டார்கள். அவருடைய முதல் பெரிய வேலை இந்த இரண்டு சாலமாண்டர்கள்தான். நெருப்புச் சாலமாண்டருக்குத் தண்ணீரை மறுத்து, குளிரில் வைத்தால், அது கருக்களை வயிற்றிலேயே நிறுத்திக்கொண்டு கடைசியில் முழு உருவம் பெற்ற சில குட்டிகளை ஈனுகிறது என்றார். ஆல்ப்ஸ் சாலமாண்டருக்கு வெப்பமும் நீரும் தாராளமாகக் கொடுத்தால், அது முன்கூட்டியே செவுளுள்ள லார்வாக்களை நீரில் விடுகிறது என்றார். அதோடு நிற்கவில்லை. இப்படி மாற்றப்பட்ட பழக்கம் அடுத்த தலைமுறைக்கும் போகிறது, பெற்ற பண்பு மரபாகிறது என்பது அவருடைய முடிவு.

பின்னர் நடந்தது துயரம். 1926 ஆகஸ்டில் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஜி. கே. நோபிள், இதே முடிவுக்கு ஆதாரமாகக் கம்மரர் காட்டிய மருத்துவச்சித் தேரை மாதிரியில் இருந்த கறுப்பு நிறம் உள்ளே செலுத்தப்பட்ட இந்திய மை என்று 'நேச்சர்' இதழில் எழுதினார். அதைத் தான் செய்யவில்லை என்று சொன்ன கம்மரர், செப்டம்பர் 23 அன்று ஆஸ்திரிய மலையடிவாரத்தில் தற்கொலை செய்துகொண்டார். மையைச் செலுத்தியது யார் என்பது இன்றுவரை தீரவில்லை. யூதரான பிரிசிபிராம் 1944-இல் நாஜிகளின் தெரேசியன்ஷ்டாட் முகாமில் இறந்தார். 1945-இல் ஆய்வகக் கட்டடமும் எரிந்துபோனது. ஆர்தர் கோஸ்லர் 1971-இல் கம்மரருக்காக வாதாடி ஒரு புத்தகமே எழுதினார். ஆனால் அந்த விவாதம் முழுக்கத் தேரையைச் சுற்றியே ஓடியதால், சாலமாண்டர் சோதனைகளின் அடிப்படைக் கருத்து பரிசீலிக்கப்படாமலே மக்கள் மனத்தில் தங்கிவிட்டது. நெருப்புச் சாலமாண்டரும் ஆல்ப்ஸ் சாலமாண்டரும் ஒரே கோட்டின் இரு முனைகள்; இன்னும் கொஞ்ச காலம் வயிற்றில் வைத்திருந்தால் முன்னது பின்னதாகிவிடும் என்ற கருத்து அது.

அதைச் சோதிக்க ஆய்வகமே வேண்டியதில்லை. இயற்கை அந்தச் சோதனையை வட ஸ்பெயினில் நடத்தி வைத்திருக்கிறது. அங்கே கான்டாப்ரிய மலைத்தொடரில் வாழும் நெருப்புச் சாலமாண்டரின் பெர்னார்டேசி என்ற கிளையினம் லார்வாக்களை ஓடையில் விடுவதில்லை. செவுள் உதிர்ந்த முழுக் குட்டிகளைத் தரையில் ஈனுகிறது. அதே இனத்தின் மற்றக் கிளையினங்கள் பெரும்பாலும் ஓடையை நம்பியே இருக்க, இது ஓடையை விட்டுவிட்டது. கலீசியாவின் கடற்கரைக்கு அப்பால் ஓன்ஸ், சான் மார்ட்டீன்யோ தீவுகளில் வாழும் நெருப்புச் சாலமாண்டர்களும் அப்படியே. அவற்றின் நெருங்கிய சொந்தங்கள் எதிர்க்கரையில் இன்னும் லார்வாக்களைத்தான் ஈனுகின்றன. கடல்மட்டம் உயர்ந்து அந்தத் தீவுகள் பிரிந்து சுமார் 8,000 ஆண்டுகள்தான் ஆகின்றன. பரிணாமக் கணக்கில் அது நேற்று.

எனவே இந்தப் பேரினத்தில் முழுக் குட்டி ஈனும் வழக்கம் ஒரே ஒருமுறை தோன்றிப் பரவியது கிடையாது. தனித்தனியே பலமுறை தோன்றியிருக்கிறது. ஆல்ப்ஸ் சாலமாண்டர், மேற்கு ஆல்ப்ஸின் லான்சாய், மொராக்கோவின் வடகோடியில் ஒரு கிளையினம், பிறகு இந்த ஸ்பானிய மக்கள்தொகைகள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இதற்கு ஒரு தொலைதூர இணை உண்டு. சிசிலியன் எனப்படும் காலில்லாத இருவாழ்விகளில் ஒன்றான கெகெனியோஃபிஸ் சேஷாச்சாரி குட்டி ஈனுவது 2008-இல் தெரியவந்தது. மண்ணுக்குள் வாழும் அதன் சுற்றம் பெரும்பாலும் முட்டையிடும் வகை. தென்னிந்தியாவில் சாலமாண்டர்களே கிடையாது. இந்தியாவில் அவற்றைக் காண டார்ஜிலிங் முதலிய கிழக்கு இமயமலைப் பகுதிக்கோ வடகிழக்குக்கோதான் போக வேண்டும்.

பெர்னார்டேசியின் வயிற்றுக்குள் பார்த்தபோதுதான் கம்மரரின் கோடு அறுந்தது. டேவிட் பக்லி, மார்வலீ வேக் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2007-இல் இரண்டு வகை நெருப்புச் சாலமாண்டர்களின் கருவளர்ச்சியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். லார்வா ஈனும் வகையில் கருக்கள் எல்லாம் ஒரே சீராக, உறைக்குள் இருந்தபடி வளர்கின்றன. குட்டி ஈனும் வகையில் பல முட்டைகள் கருவுறுவதே இல்லை. கருவுற்றவை அவசர அவசரமாக வளர்கின்றன, சீக்கிரமே உறையை உடைத்து வெளியே வருகின்றன, வாயும் தாடையும் முன்னதாகவே உருவாகிவிடுகின்றன. பிறகு பக்கத்தில் கிடக்கும் கருவுறாத முட்டைகளையும், பின்தங்கிய உடன்பிறப்புகளையும் தின்கின்றன. எல்லாம் சில மாதங்களில் முடிந்து போகும்.

ஒன்று வேகம், மற்றது பொறுமை. பெர்னார்டேசி வளர்ச்சியை முடுக்கிவிட்டு, உடன்பிறந்ததைத் தின்று, தரையை அடைகிறது. ஆல்ப்ஸ் சாலமாண்டர் வளர்ச்சியை நீட்டி, தாயின் சுவரைத் தின்று, அதே தரையை அடைகிறது. வெளியே நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்: ஈரப் பாசியில் ஒரு சிறிய, முழுமையான சாலமாண்டர். அந்த ஒற்றுமையை உறவாகவோ ஒரே பாதையின் படிகளாகவோ படிப்பது தவறு. 'இன்னும் கொஞ்ச காலம் வயிற்றில் வைத்திருப்பது' என்ற விளக்கம் ஸ்பானிய வகைக்கே பொருந்தவில்லை. பரிணாமத்தில் வெகுதூரம் விலகிவிட்ட ஆல்ப்ஸ் வகைக்கு எப்படிப் பொருந்தும்? தண்ணீர் இல்லாததால் வந்த மாற்றம் என்பதையும் நான் அவ்வளவு எளிதாக ஏற்கமாட்டேன். தீவுகளுக்கு அது பொருந்துகிறது. நீரை உறிஞ்சிவிடும் சுண்ணாம்புப் பாறை நிலங்களுக்கும் ஓரளவு பொருந்துகிறது. ஆனால் ஆல்ப்ஸில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. அங்கே நீர் பனி உருகிப் பாய்ந்து ஓடும் குளிர்நீர், கோடையோ குறுகியது. லார்வா வளர்ந்து கரையேற அவகாசம் இல்லை. குறைவாக இருந்தது நீரைவிடக் காலம் என்று சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

ஓடையை விட்டதில் எதிர்பாராத லாபமும் உண்டு. ஸ்பெயினின் ஓவியேடோ நகரத்தின் பழைய மையத்தில், கட்டடங்களுக்கு நடுவே சிக்கிய தோட்டங்களிலும் மதிலோரங்களிலும் பெர்னார்டேசி தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகிறது. சுற்றிலும் கல்லும் தாரும். லார்வா ஈனும் வகையாக இருந்திருந்தால், ஓடை மூடப்பட்டதும் அந்தக் கூட்டம் அழிந்திருக்கும்.

நட்டம் ஈனும் குட்டிகளின் எண்ணிக்கையில் இருக்கிறது, அந்தக் கணக்கு இப்போது கவலை தருகிறது. நெதர்லாந்தின் தென்கோடியில் பன்டர்பாஸ் என்ற காட்டில் இருந்த நெருப்புச் சாலமாண்டர்கள் 2010 முதல் 2013-க்குள் 96 சதவீதம் அழிந்தன. ஆன் மார்ட்டெல் தலைமையிலான குழு 2013-இல் காரணத்தைக் கண்டது: தோலைத் தின்று புண்ணாக்கும் ஒரு புதிய கைட்ரிட் பூஞ்சை. ஆசியாவிலிருந்து, செல்லப்பிராணி வணிகத்தின் வழியாக அது ஐரோப்பாவுக்கு வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் முடிவு. பெல்ஜியத்தின் ரோபர்வில்லில் 2014-இல் நோய் புகுந்தபோது ஆறே மாதத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மாண்டன. அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் கூட்டம் மீளவில்லை. நோயைத் தாங்கும் ஆல்ப்ஸ் நியூட் என்ற வேறு இருவாழ்விகள் பூஞ்சையைச் சுமந்து திரிகின்றன, ஈர மண்ணிலும் அது தங்குகிறது. 2020-இல் பவேரியாவிலும் நோய் கண்டறியப்பட்டது. அம்மாநிலத்தின் தெற்கு ஓரத்தில் தொடங்குவது ஆல்ப்ஸ்.

ஆண்டுக்கு 30 லார்வாக்களை ஓடையில் விடும் இனமே எழ முடியவில்லை என்றால், மூன்றாண்டுக்கு இரண்டு குட்டி ஈனும் இனத்தின் நிலை என்னவாகும்? இழப்பைக் கவனிப்பதே இங்கே கடினம். நெருப்புச் சாலமாண்டரின் மஞ்சள் திட்டுகள் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு. படம் எடுத்து வைத்தால் போதும், அடுத்த ஆண்டு அதே விலங்கை அடையாளம் காணலாம். முழுக் கறுப்பான ஆல்ப்ஸ் சாலமாண்டரிடம் அந்த வசதி இல்லை. வளர்ந்தவை பெரும்பாலும் இரவிலும் மழையிலும்தான் தலைகாட்டுகின்றன. எண்ணிப் பார்க்க ஓடையில் லார்வாவும் இல்லை. அசியாகோவின் மஞ்சள் முதுகுக் கிளையினமோ சில காட்டுத் துண்டுகளுக்குள் ஒடுங்கியிருக்கிறது. அவற்றைச் சுற்றியுள்ள காடுகளில் 2018 அக்டோபர் இறுதியில் வாயா புயல் பெருமளவு மரங்களைச் சாய்த்தது. விழுந்த மரத்தை இழுத்துப்போகும் கனரக வண்டிகள் மண்ணை இறுக்கிவிட்டால், சாலமாண்டர் பகலில் ஒதுங்கும் பொந்துகளும் வேரடி இடுக்குகளும் அடைபட்டுப் போகும். அமெரிக்கா 2016 ஜனவரியில் 201 சாலமாண்டர் இனங்களின் இறக்குமதிக்குத் தடை விதித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் தனிமைப்படுத்தலையும் பரிசோதனையையும் கட்டாயமாக்கியது. மலையேறுபவர் ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்ததற்குப் போகும் முன் காலணியைக் கழுவி முழுக்க உலர்த்துவதும், மரம் வெட்டுபவர்கள் விழுந்த அடிமரங்களில் சிலவற்றையாவது அதே இடத்தில் விட்டுவைப்பதும் இந்தச் சட்டங்களுக்குச் சமமான வேலைகள். இவற்றை இப்போதே செய்ய வேண்டும். அந்த மலைகளில் இன்று சினையாக இருக்கும் ஒரு தாய் ஈன்று முடிக்கவே இன்னும் இரண்டு மூன்று கோடைகள் ஆகலாம்.